காது மட்டும் போதும்... புலி ரெடி!

ராத்திரி 9 மணிக்கு மேல்தான் அந்த மெசேஜ் வரும். 'வெள்ளிக்கிழமை மாறுவேடப் போட்டி. தீம்: விலங்குகள்' என்று கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்பில் மிஸ் போட்டிருப்பார். வரிசையாக 'ஓகே மிஸ்', 'தேங்க் யூ மிஸ்' என்று பதில்கள் விழும். குரூப்புக்கு வெளியே நடக்கும் பேச்சு வேறு. "அக்கா, டிரெஸ் வாடகைக்கு எங்க கிடைக்கும்?", "அட்வான்ஸ் எவ்ளோ கேக்குறாங்க?", "புலி டிரெஸ் எல்லாம் புக் ஆயிடுச்சாம், கரடிதான் இருக்காம்!"

ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் இந்தப் பேச்சுக்கு ஒரு கூடுதல் கவலை உண்டு. அப்பா துறைமுகத்திலோ, மீன்பிடித் துறைமுகத்திலோ, கன்டெய்னர் யார்டிலோ வேலையில் இருப்பார். அம்மாவும் வேலைக்குப் போய்விட்டு இருட்டிய பிறகுதான் வீடு திரும்புவார். ஒரு மணி நேரப் போட்டிக்காகச் சில நூறு ரூபாய் வாடகை, அதற்கு மேல் அட்வான்ஸ், எடுக்கவும் திருப்பிக் கொடுக்கவும் இரண்டு நடை. 'டிரெஸ் கிடைக்கலை' என்று அன்றைக்குப் பிள்ளையை லீவ் போட வைக்கும் வீடுகளும் உண்டு. மேடையில் முதல் பரிசு வாங்காததுகூடக் குழந்தைக்கு மறந்துவிடும். எல்லோரும் வேஷம் போட்ட நாளில் தான் மட்டும் வீட்டில் இருந்தது அவ்வளவு சுலபத்தில் மறக்காது.

இதற்கு முழு டிரெஸ் தேவையே இல்லை. இரண்டு காது போதும். ஒரு ஃபோம் ஷீட், ஒரு பழைய ஹேர்பேண்ட், ஒரு மணி நேரம் இருந்தால் வீட்டிலேயே செய்துவிடலாம்.

அடையாளமே காதுதான்!

ஒரு வட்டம் போட்டு, அதில் இரண்டு கண், ஒரு வாய் வரையுங்கள். உச்சியில் இரண்டு முக்கோணம் வைத்தால் பூனை. நீளமாக இரண்டு இலை வைத்தால் முயல். பக்கவாட்டில் இரண்டு பெரிய முறம் வைத்தால் யானை. முகத்தில் எதையும் மாற்றவில்லை, காது மட்டும்தான் மாறியது.

இந்த ரகசியத்தை உலகம் முழுக்கக் கொண்டுபோனது ஒரு எலி. 1955-ல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் 'மிக்கி மவுஸ் கிளப்' தொடங்கியபோது, அதில் வரும் பிள்ளைகளுக்காக ராய் வில்லியம்ஸ் என்ற கலைஞர் இரண்டு வட்டக் காதுகள் வைத்த ஒரு கறுப்புத் தொப்பியை வடிவமைத்தார். வாலும் இல்லை, மூக்கும் இல்லை. ஆனாலும் அந்தத் தொப்பியைப் பார்த்த யாரும் அது என்ன மிருகம் என்று கேட்கவில்லை.

நம் ஊருக்கும் மிருக வேஷம் புதிதல்ல. கோயில் திருவிழாக்களிலும் முகரம் ஊர்வலங்களிலும் புலிவேஷம் கட்டி ஆடிய மரபு தமிழ்நாட்டில் உண்டு. குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயில் தசராவில் நேர்த்திக்கடனாகக் கரடி, குரங்கு வேஷம் கட்டி வருகிறவர்களைப் பார்க்கலாம். புலிவேஷக்காரர்கள் உடம்பு முழுக்க மஞ்சளும் கறுப்பும் தீட்டிக்கொள்ள மணிக்கணக்கில் நிற்பார்கள். 6 வயதுப் பிள்ளையை அப்படி நிற்க வைக்க முடியாது. அதனால் அந்த வேஷத்திலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது காதும் வாலும்தான்.

முகத்தை மூட வேண்டாம்

வாடகைக்கு வரும் மிருக டிரெஸ் பெரும்பாலும் கழுத்திலிருந்து கால் வரை மூடிய, புசுபுசுவென்ற பாலியஸ்டர் துணி. மேலே ஒரு தலைமூடி. சென்னைப் புழுக்கத்தில், ஃபேன் ஓடாத மேடைக்குப் பின்னால், தன் முறை வரும்வரை அதற்குள் ஒரு குழந்தை முக்கால் மணி நேரம் நிற்க வேண்டும். வியர்வை கண்ணில் இறங்கும். பாத்ரூம் வந்தால் ஜிப்பைத் திறக்க ஆள் வேண்டும். மேடை ஏறியதும் அழுகிற குழந்தைகளில் பலர் கூட்டத்தைப் பார்த்து அழுவதில்லை, டிரெஸ் தாங்காமல் அழுகிறார்கள்.

முகத்தை மூடினால் இன்னொரு நஷ்டமும் உண்டு. பிள்ளை சிரிப்பது யாருக்கும் தெரியாது. 1997-ல் நியூயார்க்கின் பிராட்வே அரங்கில் 'தி லயன் கிங்' நாடகத்தை இயக்கிய ஜூலி டேமருக்கும் இதே சிக்கல் இருந்தது. நடிகர்கள் சிங்கமாகவும் தெரிய வேண்டும், அவர்கள் முகபாவமும் தெரிய வேண்டும். அவர் சிங்க முகங்களை நடிகர்களின் முகத்தில் மாட்டாமல் தலைக்கு மேலே வைத்தார். கீழே மனித முகம், மேலே சிங்க முகம். பார்க்கிறவர்கள் இரண்டையும் சேர்த்துப் பார்த்தார்கள். 1998-ல் அந்த நாடகத்தின் இயக்கத்துக்கும் ஆடை வடிவமைப்புக்கும் அவருக்கு டோனி விருது கிடைத்தது. ஹேர்பேண்டில் நிற்கும் இரண்டு காதும் செய்வது அதே வேலையைத்தான்.

எந்த ஃபோம் வாங்குவது?

கடையில் 'ஃபோம்' என்று கேட்டால் நான்கு விதமான பொருளை எடுத்துப் போடுவார்கள். வித்தியாசம் தெரிந்திருந்தால் காசு வீணாகாது.

முதலாவது, ஸ்டேஷனரி கடையில் கலர் கலராகக் கிடைக்கும் கிராஃப்ட் ஃபோம் ஷீட். இது எத்திலீன் வினைல் அசிட்டேட், சுருக்கமாக இ.வி.ஏ. மெத்தென்ற பல செருப்புகளின் அடிப்பாகமும் இதே வகைதான். கத்தரிக்கோலுக்கு வெண்ணெய் மாதிரி வளையும், ஓரம் பிசிறடிக்காது, தண்ணீர் பட்டாலும் கெடாது. ஏ4 அளவு ஷீட் பத்து, இருபது ரூபாய்க்குக் கிடைக்கும். காதுக்கு இதுதான் முதல் சாய்ஸ். 2024 பிப்ரவரியில் சென்னையில் முதன்முதலாக நடந்த காமிக் கான் போன்ற விழாக்களுக்குக் கதாபாத்திர வேஷம் போட்டு வரும் இளைஞர்கள் கவசமும் கிரீடமும் செய்வது பெரும்பாலும் இதன் கனமான ரகத்தில்தான்.

இரண்டாவது, மெத்தையிலும் சோபாவிலும் இருக்கும் ஸ்பாஞ்ச். இது பாலியூரித்தேன். கரடி, ஆடு மாதிரி புசுபுசு காதுக்கு நல்லது. லாரி, ஆட்டோ சீட் தைக்கும் கடைகளில் வெட்டிப்போட்ட துண்டுகள் மூட்டையாகக் கிடக்கும். "அண்ணா, பிள்ளை ஸ்கூலுக்குக் கொஞ்சம் ஸ்பாஞ்ச் துண்டு வேணும்" என்று கேட்டுப் பாருங்கள், பல இடங்களில் காசே வாங்க மாட்டார்கள்.

மூன்றாவது, டிவி, ஃபிரிட்ஜ் பெட்டிக்குள் வரும் வெள்ளை பேக்கிங் ஃபோம். மேலே துணி சுற்றினால் உள்ளே வைக்க உதவும். நான்காவது தெர்மாகோல். இது காதுக்கு வேண்டாம். பிள்ளை ஒரு தடவை குனிந்து நிமிர்ந்தால் உடைந்துவிடும். ரப்பர் பசை பட்டால் கரைந்து ஓட்டை விழும்.

காசி செட்டித் தெருவுக்கும் ஆண்டர்சன் தெருவுக்கும் பாரிமுனை வரை போனால் எல்லாக் கலரும் கிடைக்கும். நேரம் இல்லையென்றால் உங்கள் தெருமுனை ஸ்டேஷனரி கடையே போதும்.

ஸ்பாஞ்சுக்கும் வட சென்னைக்கும் ஒரு சொந்தம் உண்டு. ஸ்பாஞ்ச் செய்ய 'பாலியால்' என்ற மூலப்பொருள் வேண்டும். அதைத் தயாரிக்கும் மணலி பெட்ரோகெமிக்கல்ஸ் ஆலை, திருவொற்றியூரை ஒட்டியுள்ள மணலியில்தான் இருக்கிறது. அதற்கு வேண்டிய புரொப்பிலீன் வருவது பக்கத்திலேயே உள்ள சி.பி.சி.எல். எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையிலிருந்து. 1965-ல் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் என்ற பெயரில் தொடங்கிய நிறுவனம் அது. பாலியாலோடு ஐசோசயனேட் என்ற ரசாயனத்தையும் கொஞ்சம் தண்ணீரையும் கலந்தால் கரியமில வாயு கிளம்பி, புளித்த ஆப்ப மாவு போலக் கலவை பொங்கும். பொங்கியபடியே இறுகினால் அதுதான் ஸ்பாஞ்ச். ராத்திரியில் மணலிப் பக்கம் வானத்தில் தெரியும் தீச்சுவாலையைப் பார்த்து 'அது என்னப்பா?' என்று கேட்கும் பிள்ளைக்கு, மெத்தைக்குள் இருக்கும் ஸ்பாஞ்சின் கதையும் அங்கேதான் தொடங்குகிறது என்று சொல்லலாம்.

செய்வது எப்படி?

வேண்டியவை: ஃபோம் ஷீட் 2 நிறங்களில், ஹேர்பேண்ட், கத்தரிக்கோல், பழைய பேப்பர், பசை அல்லது ஊசி நூல்.

1. ஃபோமில் நேராகக் கத்தரி வைக்காதீர்கள். முதலில் பேப்பரில் காதை வரைந்து வெட்டுங்கள். பேப்பரை இரண்டாக மடித்து, பாதிக் காதை வரைந்து வெட்டினால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வரும். அதைப் பிள்ளையின் தலையில் வைத்துக் கண்ணாடியில் காட்டுங்கள். 'இன்னும் பெருசா வேணும்மா' என்று சொன்னால் இந்தக் கட்டத்திலேயே மாற்றிவிடலாம்.

2. பேப்பர் காதை ஃபோமில் வைத்துப் பேனாவால் வரையுங்கள். அடியில் மட்டும் 3 செ.மீ. கூடுதலாக விடுங்கள். ஒரு காதை வரைந்ததும் பேப்பரைத் திருப்பிப் போட்டு அடுத்த காதை வரைந்தால் இடது வலது சரியாக அமையும்.

3. கிராஃப்ட் ஷீட் 2 மி.மீ. கனம்தான் இருக்கும். தனியாக நிற்காமல் சாயும். இரண்டு ஷீட்டை ஒட்டி வெட்டினால் விறைப்பாக நிற்கும்.

4. உள்காதுக்கு வெளிர் ரோஸ் ஷீட்டில் சுற்றிலும் 1 செ.மீ. சிறியதாக ஒன்று வெட்டி நடுவில் ஒட்டுங்கள்.

5. இதுதான் முக்கியமான இடம். தட்டையாக வெட்டி ஒட்டினால் அது காதாகத் தெரியாது, அட்டை மாதிரித்தான் தெரியும். நிஜக் காது குழிந்து இருக்கும். ரவிக்கைக்கு டாட் பிடிக்கத் தெரிந்தவர்களுக்கு இது கைவந்த கலை. காதின் அடியில், விட்டுவைத்த 3 செ.மீ.க்கு மேலே நடுவிலிருந்து மேல்நோக்கி 2 செ.மீ. வரும்படி ஒரே வெட்டாக வெட்டுங்கள். அந்த வெட்டின் மேல்பகுதியில் இரண்டு ஓரங்களையும் ஒன்றின் மேல் ஒன்றாக 1 செ.மீ. ஏற்றி ஒட்டினால், காது தானாக முன்பக்கம் குழிந்து நிற்கும்.

6. அடியில் இப்போது இரண்டு கால் போலப் பிரிந்திருக்கும். ஒரு காலை ஹேர்பேண்டுக்கு முன்பக்கமாகவும் இன்னொன்றைப் பின்பக்கமாகவும் கொண்டுபோய், கீழே சுற்றி ஒட்டுங்கள். எந்தப் பக்கமும் சாயாது.

7. பிளாஸ்டிக் ஹேர்பேண்ட் அரை மணி நேரத்தில் காதுக்குப் பின்னால் வலிக்க ஆரம்பிக்கும். இரண்டு நுனியிலும் பழைய துணி நாடாவைச் சுற்றிவிடுங்கள். முடி குட்டையாக உள்ள பையன்களுக்கு ஹேர்பேண்ட் நிற்காது. பழைய துணித் தொப்பியில் காதைத் தைத்துவிடுவது நல்லது.

8. கடைசியாக ஒரு டெஸ்ட். தலையை ஆட்டச் சொல்லுங்கள், குனியச் சொல்லுங்கள், 5 முறை குதிக்கச் சொல்லுங்கள். காது அப்படியே இருந்தால் மேடைக்குத் தயார்.

எந்த மிருகத்துக்கு எப்படிப்பட்ட காது?

பூனை: 7 செ.மீ. உயர முக்கோணம். ஓரங்கள் நேர்க்கோடாக இல்லாமல் லேசாக வெளிப்பக்கம் வளைந்திருக்க வேண்டும். உச்சியிலிருந்து சற்றுத் தள்ளி, இரண்டுக்கும் நடுவில் நான்கு விரல் இடைவெளி விடுங்கள்.

புலி: பலரும் பூனைக் காதையே மஞ்சளில் வெட்டிவிடுகிறார்கள். புலிக்குக் காது வட்டமாகத்தான் இருக்கும். பின்பக்கம் கறுப்பாக, நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளியும் இருக்கும். வண்டலூர் பூங்காவில் புலி திரும்பி உட்கார்ந்திருக்கும்போது பார்த்தால் இது தெரியும். கறுப்பு ஷீட்டில் வெள்ளைப் பொட்டு ஒட்டி வைத்தால், பிள்ளை மேடையில் திரும்பி நடக்கும்போதும் புலிதான்.

முயல்: 18 செ.மீ. நீளம். தலையின் நடுவில், நெருக்கமாக வையுங்கள். இவ்வளவு நீளம் தானாக நிற்காது. அதற்காகக் கம்பி வைக்காதீர்கள், கண்ணில் குத்தும். பார்சல் பெட்டிகளைக் கட்டி வரும் பிளாஸ்டிக் பேக்கிங் நாடா இருக்கிறதல்லவா, அதை ஒரு சாண் வெட்டி, நுனியை வட்டமாக்கி, டேப் சுற்றி, இரண்டு ஷீட்டுக்கு நடுவில் வைத்து ஒட்டுங்கள்.

யானை: காது உச்சியில் வராது. பக்கவாட்டில், பிள்ளையின் சொந்தக் காதுக்கு மேலே தொடங்கித் தாடை வரை தொங்க வேண்டும். நம் நாட்டு யானைக்குக் காது அளவாகத்தான் இருக்கும். தோள் வரை விரிந்தால் அது ஆப்பிரிக்க யானை. பிள்ளையின் காதை அடைத்துவிடாமல் பின்னால் தள்ளி ஒட்டுங்கள். அறிவிப்பில் தன் பெயரைக் கூப்பிடுவது அதற்குக் கேட்க வேண்டும்.

ஆடு, மாடு: இலை வடிவம், கிடைமட்டமாக இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு லேசாகத் தொங்க வேண்டும்.

கரடி: சிறிய அரைவட்டம். ஸ்பாஞ்சில் வெட்டி, பழைய கறுப்பு சாக்ஸை மேலே மாட்டித் தைத்தால் அசல் கரடி.

டிரெஸ்ஸுக்குப் புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். அந்த நிறத்தில் ஒரு டி-ஷர்ட், பழைய துப்பட்டாவில் ஒரு வால், மூக்கு நுனியில் கண்மைப் பொட்டு, கன்னத்தில் மூன்று மீசைக்கோடு. அவ்வளவுதான்!

இதில் கவனம் தேவை

ரப்பர் பசையும் அதன் புகையும் சட்டென்று தீப்பிடிக்கும். சமையலும் படுக்கையும் ஒரே அறையில் இருக்கும் வீடுகளில், அடுப்பு எரியும்போதோ சாமி விளக்கு எரியும்போதோ அந்த டப்பாவைத் திறக்கவே கூடாது. வாசலிலோ மாடியிலோ உட்கார்ந்து ஒட்டுங்கள். இரண்டு பக்கமும் மெல்லியதாகத் தடவி, ஐந்து, பத்து நிமிடம் காய்ந்து கையில் ஒட்டாத பதம் வந்ததும் சேர்த்து அழுத்தினால் பிடித்துக்கொள்ளும்.

க்ளூ கன் வேகமானது. ஆனால் அதன் சூட்டுப் பசை தோலில் பட்டால் உரிந்துவிடும். அது பெரியவர்கள் கையில் மட்டும் இருக்கட்டும். சின்னப் பிள்ளை கூட உட்கார்ந்து செய்வதென்றால் ஊசி நூல்தான் பாதுகாப்பு. ஃபோம் ஷீட் கையால் தைக்க நன்றாகவே வரும். கடைசி நிமிடத்தில் ஸ்டேப்ளர் அடித்தால், பின் முனைகளின் மேல் டேப் ஒட்ட மறக்காதீர்கள்.

காதை வளைக்க ஃபோமை கேஸ் அடுப்பில் காட்டும் வீடியோக்களைப் பார்த்து அப்படியே செய்யாதீர்கள். ஃபோம் பற்றி எரியக்கூடியது. ஹேர் டிரையர் சூட்டில் சில நொடி காட்டி, ஒரு டம்ளர் மேல் வளைத்துப் பிடித்தால், ஆறியதும் அந்த வளைவு அப்படியே நிற்கும். வேஷத்தோடு இருக்கும் பிள்ளையை மெழுகுவத்தி, குத்துவிளக்கு பக்கத்தில் நிற்க வைக்காதீர்கள். தாடைக்கு அடியில் இறுக்கமான எலாஸ்டிக்கும் வேண்டாம்.

மிஸ்களுக்கு ஒரு வேண்டுகோள்

அரசுப் பள்ளிகளில் 2022-23 கல்வியாண்டிலிருந்து கலைத் திருவிழா நடக்கிறது. 2022 ஜூனில் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' வகுப்புகளில் பாட்டு, கதை, பொம்மை, முகமூடி என்று பாடமே நாடகமாகத்தான் நடக்கிறது. தனியார் பள்ளிகளில் குழந்தைகள் தினம், ஆண்டு விழா என்று வருடத்துக்கு இரண்டு முறையாவது வேஷம் உண்டு. அந்த அறிவிப்பு இரண்டு நாளைக்கு முன்பு வராமல் ஒரு வாரத்துக்கு முன்பே வந்தால் பல வீடுகளில் மூச்சு விட முடியும். 'வீட்டில் செய்த காது மட்டும் போதும்' என்று அதோடு ஒரு வரி சேர்த்தால் இன்னும் நல்லது. கிராஃப்ட் பீரியடில் வகுப்பிலேயே எல்லோரும் காது செய்துவிட்டால், யார் வீட்டில் எவ்வளவு செலவு செய்தார்கள் என்ற கணக்கு மேடையில் தெரியாது. தன் கையால் வெட்டிய காதைப் பற்றிப் பிள்ளை பேசுவதும், வாடகை டிரெஸ்ஸில் மனப்பாடம் ஒப்பிப்பதும் ஒன்றல்ல என்பது நடுவர்களுக்கும் தெரியும்.

போட்டி முடிந்த பிறகு?

குப்பைத் தொட்டிக்கு மட்டும் அனுப்பாதீர்கள். ஃபோம் மக்காது. வட சென்னையின் குப்பை போய்ச் சேரும் இடம் கொடுங்கையூர். அந்தக் கிடங்கின் நாற்றத்தையும் புகையையும் பல பத்தாண்டுகளாகச் சுமப்பவர்கள் இதே பகுதிக் குடும்பங்கள்தான். மணலி ஆலைகளை ஒட்டிக் குடியிருப்பவர்களும் நாம்தான், கொடுங்கையூர் கிடங்கை ஒட்டிக் குடியிருப்பவர்களும் நாம்தான். அதனால் ஃபோமை வீணாக்காமல் இருப்பதில் நமக்கு மற்றவர்களைவிட அக்கறை அதிகம் இருக்க வேண்டும்.

முழு டிரெஸ் அடுத்த வருடம் பிள்ளைக்குச் சின்னதாகிவிடும். காது அப்படியில்லை. ஹேர்பேண்டை மாற்றினால் ஐந்தாம் வகுப்பு வரைக்கும் வரும். பிறகு தம்பிக்கு, பக்கத்து வீட்டுப் பாப்பாவுக்கு. வெயில் படாத இடத்தில், மேலே பாரம் வைக்காமல், ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டு வையுங்கள். ஒரே தெருவில் நான்கு வீடுகள் சேர்ந்து பூனை, புலி, முயல், யானை என்று ஆளுக்கொரு ஜோடி செய்து வைத்தால், அடுத்த முறை ராத்திரி 10 மணிக்கு மெசேஜ் வந்தாலும் பதற வேண்டாம். எந்த வீட்டு டப்பாவில் எந்தக் காது இருக்கிறது என்று தெரிந்திருந்தால் போதும்!